கடைக்கால் எடுக்காத மாதம்

நான் காலையில் நாலரைக்கு எழுந்துவிடுவேன். அலாரம் தேவைப்பட்டதில்லை. பல் துலக்குவேன். பின்கட்டுத் தொட்டியில் இரண்டு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றுவேன். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றுவேன். பால் காய்வதற்குள் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, காலைக்கு உரிய இரண்டை ஓர் எவர்சில்வர் மூடியில் போட்டு, வெந்நீரோடு கட்டிலருகே கொண்டுபோவேன். வஞ்சுளவல்லி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுவாள். விழுங்குவாள். மூடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் காபி கலப்பேன். கல்யாணமான நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை. கடைசிப் பதினேழு நாளும் தவறவில்லை.

நீங்கள் வந்திருப்பது வேறு விஷயமாக. என் மனைவி சாகும்போது சொன்னது என்று நான் கோர்ட்டில் சொன்ன வார்த்தையை அவள் சொல்லவே இல்லை, அது பொய்ச்சாட்சி என்று மரகதவல்லி டீச்சர் மனு கொடுத்திருக்கிறார். இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது, இன்ஸ்பெக்டர். பொய் எந்தக் கோர்ட்டில் சொல்லப்பட்டதோ அந்தக் கோர்ட்தான் புகார் செய்ய வேண்டும். நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள். ஏட்டு சங்கிலிப்பாண்டி எழுதிக்கொள்ளட்டும். டீச்சர் கேட்டிருப்பது ஒரே கேள்வி. பதில் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன்.

என் பெயர் ஸுந்தரராஜன். வயது முப்பத்திரண்டு. மதுரையில் சட்டம் படித்தேன். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் நம்பி வக்கீலிடம் ஜூனியர். நம்பி வக்கீல் முப்பது வருஷமாக வாய்தா வாங்கியே பிழைப்பவர். அவர் மேஜையில் இருக்கும் சட்டப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தவன் அந்த ஆபீஸில் நான் ஒருவன்தான்.

வஞ்சுளவல்லியை எனக்கு 1984இல் கட்டிவைத்தார்கள். அவள் அப்பா அழகியமணவாளன், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கொட்டகை வைத்திருந்தார். பதினாறு விசைத்தறி. ஒரே மகள். உயிரோடு இருக்கும்போதே கொட்டகையை மகள் பெயருக்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, அடுத்த வருஷம் இறந்துபோனார். அவர் எழுதாமல் செத்திருந்தால், பிள்ளை இல்லாத மகளுக்குப் பின் அந்தச் சொத்து அவர் பக்கத்து ஆட்களுக்கே திரும்பிப் போயிருக்கும். எழுதியதால் புருஷனுக்கு வரும். அந்த மனிதர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது. தெரியாமல் செய்தார்.

பிள்ளை இல்லாததற்குக் காரணம் அவள் இதயம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியிருந்தது. "மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, பேரன் பேத்தி எடுத்துரலாம். பிள்ளை மட்டும் பெத்துக்கக் கூடாது" என்றார் மதுரை டாக்டர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. காலையில் பஸ் ஏறிச் சத்திரப்பட்டிக்குப் போவாள், சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவாள். தறி ஓட்டுகிறவர்களோடு சரிக்குச் சரி பேசுவாள். கடையில் ஏமாற்றிக் கொடுத்தால்கூடத் தெரியாது. சில்லறையை எண்ண மாட்டாள், பழத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டாள். கவனிக்கும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

கொட்டகையில் முத்தாத்தாள் என்று ஒருத்தி தேவதானத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் மகள் வேலுத்தாய் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். மேலே படிக்க ராஜபாளையம் வர வேண்டும். வந்துபோக பஸ் நேரம் ஒத்துவரவில்லை, தங்க இடமில்லை. அம்மாவோடு தறிக்கு வந்துவிட்டாள். நான் ஒரு நாள் கொட்டகைக்குப் போனபோது அந்தப் பெண் தறிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நூல் அத்துப்போனா முடி போடு. அழுதா ஒட்டுமா?" என்றாள் வஞ்சுளா.

"நூலுக்கா அழுதேன் அக்கா?"

"தெரியும்ட்டி. செத்த பொறுத்துக்கோ."

இந்தச் செத்த பொறுத்துக்கோவிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. வஞ்சுளாவின் பழைய டீச்சர் மரகதவல்லி ரிட்டயர் ஆகி, கிராமத்துப் பெண்கள் தங்கிப் படிக்க விடுதி கட்டுவதற்காக ஒரு சங்கம் வைத்திருந்தார். சங்கம் என்றால் பதினோரு பேர், ஒரு ரப்பர் முத்திரை. மாதம் ஒரு முறை கூடி, கட்டடம் கட்ட வேண்டியதன் அவசியத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லிவிட்டு, மிக்சர் சாப்பிட்டுக் கலைவார்கள்.

1988 அக்டோபரில் அந்தக் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் அழைத்துப்போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ராஜபாளையத்து வைகுண்டராஜ், பணக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தன் காலி மனை ஒன்றைச் சங்கத்துக்கு இனாமாகத் தருவதாகச் சொன்னார். அது முள் முளைத்துக் கிடந்த மனை. அதற்கு மாலை போட்டார்கள். பிறகு என் மனைவி எழுந்தாள்.

"மனை இருந்தா கட்டடம் நான் கட்டித் தாரேன். கொட்டகையை வித்தாவது தாரேன்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வைகுண்டராஜ் திரும்பி என்னைப் பார்த்து, "மஞ்சிதி, மஞ்சிதி" என்று தெலுங்கில் பாராட்டிவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு வீட்டுக்காரர் நீங்கதானா?" என்றார். அன்றுதான் முதல் தடவையாக அவர் என்னிடம் பேசியது.

என்னிடம் அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"எனக்கே அங்க போய்த்தான் தோணுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்ல?" என்றாள். "வருத்தமா? நாம என்ன, பிள்ளைக்கா சேத்து வைக்கப்போறோம்? நீங்க வக்கீலு. கறுப்புக் கோட்டு இருக்கு. பொழச்சுக்கிருவோம்."

என் வருமானம் அப்போது பஸ் செலவுக்குச் சரியாக இருந்தது. வீடு நடந்தது அந்தக் கொட்டகையில். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கோட்டு இருக்கிறது என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

சங்கத்துக்குக் கடிதம் எழுத என்னையே கேட்டாள்.

"கோர்ட் பாஷையில எழுதாதீக. டீச்சருக்குப் புரியணும்."

"நிபந்தனை ஒண்ணு போட்டுக்கோ" என்றேன்.

"என்ன நிபந்தனை? தாரேன்னா தாரேன்."

"வேலையே ஆரம்பிக்காம பணத்தை வாங்கி வச்சுக்கிட்டா?"

"வக்கீல் அய்யாவுக்கு ஊருல எல்லாப் பயலும் களவாணி. சரி, போட்டுத் தொலைங்க."

போட்டேன். 'சங்கம் தன் பொறுப்பில் கட்டட வேலையைத் தொடங்கினால், அதன் முழுச் செலவையும் நான் ஏற்பேன், எனக்குப் பின் என் சொத்தும் ஏற்கும்.' கையெழுத்துப் போட்டாள். கடைசி ஐந்து வார்த்தையை அவளாகச் சேர்க்கச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. அதற்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். ஒருவர் தர்மத்துக்குத் தருகிறேன் என்று சொல்வது சட்டத்தில் வெறும் காற்று. பதிலுக்கு அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே ஒப்பந்தம் இல்லை. எழுதிக் கொடுத்தாலும் இல்லை. பள்ளிவாசலைப் பழுது பார்க்கப் பணம் தருவதாக ஒருவர் சொன்னார், யாரும் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை, சொன்னவர் இறந்துபோனார், வாரிசு தர வேண்டியதில்லை என்று அலகாபாத்தில் ஒரு பழைய தீர்ப்பு. இன்னொன்று அதற்கும் முந்தியது, கல்கத்தாவில். நகர மண்டபம் கட்டப் பணம் தருவதாக ஒருவர் கையெழுத்துப் போட்டார், அதை நம்பி ஆட்கள் ஒப்பந்தக்காரரை அமர்த்திவிட்டார்கள், தந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வாக்கை நம்பி எதிர்த்தரப்பு ஏதாவது செய்து மாட்டிக்கொண்டதா, இல்லையா. அதற்கு முன் வாக்குக் கொடுத்தவர் செத்தால் வாக்கும் செத்தது. அதற்குப் பின் செத்தால் அவர் சொத்து பொறுப்பு.

நம்பி வக்கீலுக்கு இது தெரியாது. சங்கத்துப் பதினோரு பேருக்கும் தெரியாது. எல்லோரும் வஞ்சுளாவின் வாக்கு, எழுத்து, நல்ல மனசு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகையில் மனைப் பத்திரம் முடிந்தது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வர இழுத்தது. கார்த்திகை கடைசியில் கடைக்கால் தோண்டிவிடலாம் என்று இருந்தார்கள். அனுமதித் தாள் கைக்கு வந்தபோது மார்கழி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியா வஞ்சுளா, ரெண்டு நாள்ல தப்பிப்போச்சு. இனி தைதான்."

"ஏன் டீச்சர், மண்ணுதானே தோண்டப்போறோம்?"

"மார்கழியில எவளாச்சும் கடைக்கால் எடுப்பாளா? இந்த ஊர்ல பொறந்தவ பேசுற பேச்சா இது? சாமிக்குள்ள மாசம். மேஸ்திரிகிட்ட ஒப்பந்தம்கூட நான் எழுதல. பேனாவே எடுக்க மாட்டேன். தை ஆறாம் தேதி நல்ல நாள். நம்பி வக்கீலே பஞ்சாங்கம் பாத்துச் சொன்னாரு." என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, சட்டப்படி தாமதம்னு ஒண்ணும் வராதே?"

"வராது டீச்சர்" என்றேன். "தையில ஆரம்பிங்க."

காபி கொடுத்து அனுப்பினேன். அன்று மார்கழி மூன்று. சங்கம் எதையும் செய்யப்போவதில்லை, எதிலும் கையெழுத்துப் போடப்போவதில்லை. மனை இனாமாக வந்தது, அதில் அவர்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. ஒரு மாதம் முழுதும் அந்த வாக்கு காற்றாகவே இருக்கும் என்று படித்த மனிதர்கள் என் வீட்டுக்கு வந்து தேதி போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மாதத்தை நான் ஏற்படுத்தவில்லை.

மறுநாள் காலை நாலரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். தண்ணீர் இறைத்தேன். பாலை ஏற்றினேன். டப்பாவை எடுத்தேன். அதில் இருந்தவற்றை முந்தின நாள் சாயங்காலமே எடுத்துக் குப்பையில் போட்டிருந்தேன். இப்போது இருந்தவை சத்து மாத்திரைகள். அதே அளவு, அதே வெள்ளை. யார் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் வாங்கலாம், உடம்புக்கு நல்லது. இரண்டை மூடியில் போட்டு எடுத்துப்போனேன்.

அவளுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விஷம் இல்லை, அடி இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். இதயம் அவளுடையது. அதைப் பழுதாக்கியது அவள் எட்டு வயதில் வந்த காய்ச்சல்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். கால் வீங்கியது. இரண்டு தலையணை கேட்டாள், அப்புறம் மூன்று. கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் லீவு. நான் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டேன், நம்பி வக்கீல் கூப்பிட்டனுப்பிய ஒன்றிரண்டு நாள் தவிர. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். காலைப் பிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஸாவித்ரி அம்மாள் எட்டிப் பார்த்து, "எம்புட்டுப் பொறுமையா பாத்துக்கிடுதாரு. இப்படி ஒரு ஆம்பளையை நான் கண்டதே இல்லை" என்று இரண்டு தெருவுக்குச் சொன்னாள். கால் வீக்கத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள். டாக்டரிடம் போகச் சொல்லத் தோன்றவில்லை. என் பொறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளுருதான் காரணம். மார்கழி போனா சரியாயிரும்" என்றாள் வஞ்சுளா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடைசிவரை தெரியாது. இந்த விஷயத்தில் கருணை என்று ஒன்று இருந்ததென்றால் அது அதுதான். அதை அவளுக்குச் செய்தவன் நான்.

மார்கழி இருபதாம் தேதி காலையில் இறந்தாள். ஐந்து மணிக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. டாக்டர் அடுத்த தெருவில் இருந்தார், நடந்தால் நாலு நிமிஷம். நான் பதினோரு மணிக்குப் போய் அழைத்துவந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. பழைய சீட்டுகளைக் காட்டினேன். தலையை ஆட்டினார், எழுதிக் கொடுத்தார்.

தை பிறந்த பிறகு டீச்சர் வந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லாமல், கையில் வஞ்சுளாவின் கடிதத்தோடு. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "அவ ஆசைப்பட்டதை நிறுத்தக் கூடாது தம்பி" என்றார்.

"டீச்சர், அதுல ஒரு விஷயம். கடைசியா அவ பேசினதே அதைப் பத்தித்தான்" என்றேன். "'விடுதிக்குத் தர வேண்டாம், மனசு மாறிட்டேன்'னு சொன்னா."

"வஞ்சுளாவா?"

"ஆமா."

"நம்ம வஞ்சுளாவா சொன்னா?"

தலையைக் குனிந்துகொண்டேன். இந்தப் பொய் தேவையே இல்லாதது. சட்டப்படி அவள் இறந்ததே போதும். ஆனால் டீச்சர் போன்றவர்களுக்குச் சட்டம் சொன்னால் புரியாது, செத்தவள் சொன்னாள் என்றால் புரியும் என்று நினைத்தேன். என் படிப்பை மறந்துவிட்டு அவர்கள் அளவுக்கு இறங்கிப் பேசிய ஒரே இடம் அது.

இரண்டு மாதத்தில் சம்மன் வந்தது. சங்கம் வாதி, இறந்தவரின் வாரிசு என்ற முறையில் நான் பிரதிவாதி. விருதுநகரிலிருந்து ஒரு இளம் வக்கீல் வந்திருந்தான். பிராதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நாலாவது பாரா வரை. நாலாவது பாராவில், மார்கழி பதினோராம் தேதி, வாக்குக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கடிதத்தை நம்பி, சங்கம் தன் பெயரில் கடன் சொல்லி மனையில் ஆழ்குழாய்க் கிணறு போட்டது என்று இருந்தது.

மேஸ்திரி சோணைமுத்துவைக் கூண்டில் ஏற்றினார்கள். எனக்காக நம்பி வக்கீல் எழுந்தார். வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"மார்கழியில கட்டட வேலை ஆரம்பிக்கலாமாய்யா?"

"கூடாதுங்க."

"டீச்சர் ஒப்பந்தம் எழுதினாங்களா?"

"பேனாவையே தொட மாட்டேன்னுட்டாங்க."

"பொறவு எப்படிக் கெணறு தோண்டின?"

"நான் எங்கய்யா கடைக்கால் எடுத்தேன்? தண்ணிதானே எடுத்தேன். தை பொறந்ததும் செவரு எழுப்பணும்னா தண்ணி முன்னாலயே வேணும்லா? மார்கழியில ஒரு பயலும் வேலை சொல்ல மாட்டான், போர் வண்டி சும்மா நிக்கும், பாதி ரேட்டுக்கு வருவான். டீச்சர்கிட்டச் சொன்னேன், தண்ணிக்குத் தீட்டு இல்லன்னாங்க. மார்கழின்னு அய்யா தண்ணி குடிக்காமலா இருக்கீக?"

கோர்ட் சிரித்தது. நீதிபதி சிரித்தார். நம்பி வக்கீலும் சிரித்தார், என்னிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு. ராஜபாளையத்தில் கிணற்றுக்கு மட்டும் மார்கழி பொருந்தாது என்பது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? இவர்களுடைய சாஸ்திரத்தை நான் நம்பினேன். இவர்கள் நம்பவில்லை.

அடுத்து டீச்சர் ஏறினார்.

"கெணறு போட்டது இறந்துபோனவங்களுக்குத் தெரியுமா?" என்று விருதுநகர்ப் பையன் கேட்டான்.

"தெரியுமாவா? அன்னிக்கு அவளே வந்திருந்தா. பஸ்ஸை விட்டு இறங்கி வேலிக்கிட்ட வாரதுக்குள்ள மூணு தடவை நின்னா. ஏன் வந்தேட்டி இந்த ஒடம்போடன்னு ஏசினேன். சேறும் தண்ணியுமா பீச்சி அடிச்சுது. தெளிஞ்ச பொறவு ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சா. 'டீச்சர், உப்பே இல்லை'ன்னா. 'அவிய வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து வந்தேன், தெரிஞ்சா வெயில்ல ஏன் போனேன்னு கவலைப்படுவாக'ன்னா."

அந்தப் பதினோராம் தேதி எனக்கு நினைவிருக்கிறது. நம்பி வக்கீல் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் திரும்பியபோது அவள் சேலை ஓரத்தில் சேறு இருந்தது. எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. சிவப்பாக இருந்தது, சத்திரப்பட்டி மண் கறுப்பு. அதையும் பார்த்தேன். கேட்கத் தோன்றவில்லை.

பிறகு நான் ஏறி, சத்தியம் செய்து, அவள் கடைசியாகச் சொன்னது என்று டீச்சரிடம் சொன்னதையே சொன்னேன். தீர்ப்பு தொண்ணூற்றொன்று ஜூனில் வந்தது. வாக்கை நம்பி கிணறு போட்டாகிவிட்டது, அதன்பின் வாக்கைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே இறக்கும்போது அவர் என்ன சொல்லியிருந்தாலும் பயனில்லை. தவிர, அப்படிச் சொன்னார் என்பதை இந்த நீதிமன்றம் நம்பவில்லை. கடைசி வாக்கியம் தீர்ப்புக்குத் தேவையற்றது. வேண்டுமென்றே எழுதினார்.

சட்டத்தை நான் சரியாகத்தான் படித்திருந்தேன் என்பதைப் பார்க்கிறீர்கள். தீர்ப்பில் இருக்கும் இரண்டு பழைய வழக்குகளும் என் குறிப்பில் இருந்தவை. நான் வைத்த தேதி மட்டும் பத்து நாள் பிந்திவிட்டது. அவள் பத்தாம் தேதி இறந்திருந்தால் வழக்கே இல்லை.

கொட்டகையை விற்றேன். சத்திரப்பட்டி ஆளே ஒருவன் வாங்கினான். விடுதியில் முப்பது பெண்கள் தங்கலாம் என்கிறார்கள். வேலுத்தாய்க்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, அங்கே சமையல் செய்கிறாளாம். வாசலில் என் மனைவி பெயர் போட்ட கல் வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போகவில்லை. மறுநாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, நடையிலேயே நின்றார்.

"பணம் வந்தாச்சு, கட்டடம் வந்தாச்சு. உங்க மேல எனக்கு வேற ஒரு கோவமும் இல்லை" என்றார். "ஆனா செத்துப்போன பிள்ளை வாயில இல்லாத பேச்சை வச்சீங்களே, அது எனக்குத் தொண்டையில நிக்குது. அவ உண்மையில என்ன சொன்னா? அது மட்டும் சொல்லிருங்க. நான் போயிடுதேன்."

சொல்ல முடியாது என்றேன்.

"ஒண்ணுமே சொல்லலையா?"

கதவைச் சாத்தினேன். அதனால்தான் மனு. அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பொய்ச்சாட்சிக்கு ஏழு வருஷம் வரை போடலாம், பெரும்பாலும் போட மாட்டார்கள். நீங்கள் அந்தச் சின்னக் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மூன்றரை வருஷமாக டாக்டருக்கோ பக்கத்து வீட்டுக்கோ டீச்சருக்கோ நீதிபதிக்கோ தோன்றாதது உங்களுக்குத் தோன்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். ஏட்டய்யா, இதைத் தனிவரியாக எழுதுங்கள். மார்கழி நான்கு முதல் இருபது வரை என் மனைவி வஞ்சுளவல்லியின் மாத்திரைகளை மாற்றி, அவள் இறக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, அவளைக் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

மனச்சாட்சி என்று எழுத வேண்டாம். தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது. கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான். டீச்சரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அன்று காலையும் இரண்டை மூடியில் போட்டு எடுத்துப்போனேன். அவளால் கையை நீட்ட முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கி, நானே வாயில் போட்டுத் தண்ணீரைச் சாய்த்தேன். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. துண்டால் துடைத்தேன். இரண்டையும் விழுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பின் ஒன்றும் பேசவில்லை.

"பத்துப் பதினஞ்சு நாளா மாத்திரை கசக்கவே இல்லீங்க. நீங்க குடுக்கீகளேன்னு முழுங்குனேன்."